டிரெக்கரில் ஒரு தாலாட்டு

என் குரல் இருபத்தாறு வயதுவரை இரண்டாவது பெஞ்சைத் தாண்டியதில்லை. தன்னடக்கத்துக்காக இதைச் சொல்லவில்லை. எனக்கு அந்தக் குணம் கிடையாது. கேரள எல்லையோரம் பாறசாலைக்குப் பக்கத்தில் எங்கள் பழைய மிஷன் சபையில் பத்து வருடம் பாடகர் குழுவில் நின்றவள் நான். முதல் பெஞ்சில் இருப்பவர்கள் நான் சுருதி பிசகாமல் பாடுவதாகச் சொல்வார்கள். இரண்டாவது பெஞ்சில் இருப்பவர்கள் நான் ஏதோ பாடுவதாகச் சொல்வார்கள். மூன்றாவது பெஞ்சு தொட்டு வாசல்வரை எல்லாருக்கும் நான் வாயசைக்கிறவள்தான். என் அம்மா ஐந்தாவது பெஞ்சு. ஆராதனை முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது, "இன்னிக்கு நீ நின்னது நல்லா இருந்துது மக்களே" என்பாள். நின்றதைப் பற்றித்தான் அவளால் அபிப்பிராயம் சொல்ல முடியும்.

எனக்கு வேலை ஜங்ஷனில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில். சத்தமில்லாதவளுக்கு எங்கே வேலை கிடைத்தது பாருங்கள். வளைகுடாவில் இருக்கும் கணவனிடம் பேச வரும் பெண்கள், தூரத்துக்குத் தக்கபடி சத்தம் போடவேண்டும் என்று நினைத்துக் கண்ணாடி அறை அதிரக் கத்துவார்கள். நான் கண்ணாடியில் தட்டி, "இவ்வளவு வேண்டாம், அங்க கேக்கும்" என்பேன். நான் சொன்னது அவர்களுக்குக் கேட்காது. மஸ்கட்டுக்குக் கேட்கிற சத்தத்துக்கு நடுவே இருந்துகொண்டு, பக்கத்தில் இருப்பவருக்குக் கூடக் கேட்காத குரலோடு நாட்களை ஓட்டினேன்.

ஆகவே எனக்கு இருந்த ஒரே ஆசையை வெட்கப்படாமல் எழுதிவிடுகிறேன். ஒரே ஒரு தடவை என் குரல் கடைசி பெஞ்சுவரை போகவேண்டும். அங்கே இருக்கும் யாரோ ஒருவர், அதைக் கேட்டேன் என்று சொல்லவேண்டும். கல்யாணம், வீடு, சம்பள உயர்வு எல்லாவற்றையும்விட அது எனக்குப் பெரிதாக இருந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் பக்கத்துச் சபைகளுக்கு ஒரு ஜுரம் பிடித்தது. ஆளாளுக்குக் கிறிஸ்துமஸ் பாட்டு கேசட் போட ஆரம்பித்தார்கள். வெள்ளறடைப் பக்கம் ஒரு சபை முந்திக்கொண்டது. அவர்கள் போட்டபிறகு நாம் போடாமல் இருந்தால் எங்கள் குவயர் மாஸ்டருக்குச் சோறு இறங்குமா? அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், ஊருக்கே சார். பத்துப் பாட்டு என்று முடிவு செய்தார், ஐந்து தமிழ், ஐந்து மலையாளம். எங்கள் வீடுகளில் ஜெபம் தமிழிலும் சண்டை மலையாளத்திலும் நடக்கும் என்பதால் இந்தப் பங்கீட்டை யாரும் எதிர்க்கவில்லை.

எட்டாவது பாட்டு ஒரு தாலாட்டு. சாரே எழுதி மெட்டுப் போட்டது. மரியாள் குழந்தையை உறங்கவைக்கிறாள். ஒரு புல்லாங்குழல், ஒரு பெண் குரல், கடைசியில் மட்டும் மொத்தக் குழுவும் சேரும்.

"ஊரெல்லாம் அடங்கட்டும், காற்றே நீ மெல்ல வா,
வைக்கோலில் என் ராஜா கண்மூடும் நேரமிது."

குழுவில் நன்றாகப் பாடும் நான்கு பெண்கள் இதைப் பாடிப் பார்த்தார்கள். நால்வருமே கன்வென்ஷன் பந்தலில் பெருங்கூட்டத்துக்குப் பாடிப் பழகியவர்கள். "பெத்து ஒரு மணிக்கூர் ஆன அம்மயாக்கும் பாடுதா. நீங்க பாடினா கொட்டில்ல நிக்கிய மாடு கயிறு அறுத்துட்டு ஓடும்" என்றார் சார். பிறகு அவர் கண் சுற்றிவந்து என்மேல் நின்றது. "நீ பாடு பிள்ளே. இந்த ஒண்ணுக்கு உனக்க தொண்ட போதும்." பாராட்டா திட்டா என்று தெரியவில்லை. நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

ரெக்கார்டிங் அறை ஜங்ஷனில் அரிசிக்கடைக்கு மேலே இருந்தது. பெருங்கடவிளைக்காரர் ஒருவர், என்னைவிட இரண்டு வயது சின்னவர், திருவனந்தபுரத்தில் ஒரு ஸ்டுடியோவில் வேலை படித்துவிட்டு வந்து சொந்தமாகத் தொடங்கியது. சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருந்தார். மைக் ஓடும்போது ஃபேன் ஓடக்கூடாது. காலையிலிருந்து அந்த அடுப்புக்குள் நின்று பதினான்கு தடவை பாடினேன். பதினான்காவது முடிந்ததும் அவர் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "மதி சேச்சி. இனி தொடண்டா" என்றார். போதும், இனி இதில் கை வைக்க வேண்டாம் என்று அர்த்தம்.

போட்டுக் கேட்டோம். என் குரல் சின்னதாகத்தான் இருந்தது. ஆனால் அது சின்னதாக இருந்ததால்தான் கடைசியில் நாற்பது பேரும் சேர்ந்து எழும்பியபோது கையில் மயிர் கூச்செறிந்தது. சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். அந்த நிமிடம் தொட்டு எல்லாரும் சந்தோஷமாக இருந்தோம், அடுத்த நாள் காலை பத்து மணிவரை.

என் பூத்துக்கு அடுத்த கடை கேசட் கடை. அந்தக் கடைக்காரருக்கு ஒரு வழக்கம் உண்டு. புது கேசட் வந்தால், அதுவரை ஓடிக்கொண்டிருந்ததை எடுத்துவிட்டு, சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாமல் புதியதைப் போடுவார். ஜங்ஷனில் நாலு பேர் திரும்பிப் பார்த்தால் வாங்கி அடுக்குவார். அன்றைக்கு வெள்ளறடைச் சபையின் பாட்டை எடுத்துவிட்டு, சார் கொண்டுவந்த எங்களுடையதைப் போட்டார். ஜங்ஷன் திரும்பிப் பார்த்தது உண்மை. கடையில் கரண்டு போய்விட்டதா என்று பார்த்தது. தாலாட்டு வந்தபோது கடைக்காரரே டேப் அறுந்துவிட்டதோ என்று குனிந்து பார்த்தார். "சாரே, பாட்டு கொள்ளாம். ஒச்சை போரா" என்று, பாட்டு நன்று, சத்தம்தான் போதாது என்று, கேசட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

சார் ஒரே மூச்சில் மாடி ஏறினார். சும்மா இருக்கமுடியாமல் நானும் பூத்தைப் பக்கத்துக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுப் பின்னால் ஓடினேன். "அவங்ககிட்ட இருவத்தஞ்சு பேருதான் உண்டு. நம்மகிட்ட நாப்பது. பின்ன எங்ஙனடே அவங்க கேசட்டு இந்த அலறு அலறுது?" என்றார். கணக்குப்படி நாங்கள் ஒன்றரை மடங்குக்கு மேல் சத்தமாக இருந்திருக்க வேண்டும்.

ரெக்கார்டிஸ்ட் பொறுமையாக விளக்கினார். டேப்புக்கு ஒரு எல்லை உண்டு. அதற்கு மேல் சத்தம் போனால் கரகரக்கும். நாற்பது பேர் எழும்பும் இடத்தை அந்த எல்லையில் வைத்தால், தாலாட்டு எங்கேயோ கீழேதான் கிடக்கும். வெள்ளறடைக்காரர்கள் பாட்டைக் கம்ப்ரஸ்ஸர் என்ற பெட்டிக்குள் விட்டு இறுக்கியிருக்கிறார்கள். அது பெரிய சத்தத்தின் தலையை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். பிறகு மொத்தப் பாட்டையும் மேலே தூக்கிவிடலாம். சின்னதும் பெரியதும் ஒரே உயரத்தில் நிற்கும். தலையணை உறைக்குள் பஞ்சை அமுக்கி அமுக்கி அடைப்பதுபோல என்றார். உறை அதேதான், பஞ்சு இரண்டு மடங்கு.

"அப்பம் நமக்கும் அடைக்கணும்."

"அடைச்சா தலகாணி கல்லு போல ஆவும் சாரே. பின்ன ஒறக்கம் வராது."

"ஒறங்கதுக்கா கேசட்டு போடுதோம்?" என்றார் சார். எழுதியது தாலாட்டு என்பது அந்த நேரத்தில் அவருக்கு மறந்துவிட்டது.

பெட்டி வந்தது. வளைகுடாவிலிருந்து ஊருக்கு வந்த யாரோ கொண்டுவந்து வீட்டில் துணி மூடி வைத்திருந்ததை ரெக்கார்டிஸ்ட் கேட்டு வாங்கிவந்தார். சரி, எவ்வளவு இறுக்குவது? அதற்குத்தான் சார் ஒரு பரீட்சை வைத்தார். எங்கள் பக்கத்து ஜனங்கள் பாட்டுக் கேட்பது வீட்டில் அல்ல, பாறசாலைக்கும் வெள்ளறடைக்கும் நடுவே ஓடும் டிரெக்கர் ஜீப்புகளில். பத்துப் பேர் ஏறவேண்டிய வண்டியில் பதினெட்டுப் பேரும் இரண்டு சாக்கு மரச்சீனிக் கிழங்கும் ஏறும். பின்படியில் நாலு பேர் தொங்குவார்கள். டீசல் என்ஜின் ஏற்றத்தில் போடும் சத்தத்தில் டிரைவர் பாட்டைப் போடாமல் ஓட்டமாட்டார். அப்படிப் படியில் தொங்குகிறவனுக்குத் தாலாட்டின் வார்த்தை தெளிவாகக் கேட்டால் கேசட் பாஸ். இதுதான் சாரின் விதி.

வேறு யாரையும் நம்பாமல் அவரே தொங்கினார். வேட்டியை மடித்துக் கட்டி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காதை உள்ளே நீட்டியபடி ஒரு கணக்கு வாத்தியார் வெள்ளறடை ரோட்டில் தொங்கிப் போவதை அவருடைய மாணவர்கள் வழி நெடுகக் கைதட்டிப் பார்த்தார்கள். நானும் ரெக்கார்டிஸ்டும் உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். முதல் தடவை வெளியிலிருந்து "கேக்கல்ல!" என்று குரல் வந்தது. திரும்பி வந்து பெட்டியில் இன்னும் இறுக்கினார்கள். இரண்டாவது தடவை, "குழல் உண்டு, பிள்ளைய காணல்ல!" மறுபடியும் இறுக்கினார்கள். ரெக்கார்டிஸ்டின் முகம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இருண்டது. ஒரு கேசட்டை டிரெக்கரில் வைத்து முடிவு செய்கிறவர்கள் உலகத்தில் நாங்கள் மட்டும்தான் இருப்போம் என்று அவர் சொன்னார். சாருக்கு அதுவும் கேட்கவில்லை.

நான்காவது தடவை, ஏற்றத்தில், என்ஜின் கதறும் இடத்தில், கேசட்டில் நான் பாட ஆரம்பித்தேன்.

அந்த உணர்ச்சியை இன்றைக்கும் சரியாகச் சொல்ல வரவில்லை. என் மூச்சு கேட்டது. நாக்கு மேலண்ணத்தில் படுவது கேட்டது. பதினெட்டுப் பேர் பேச்சை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்கள், டீசல் என்ஜினை மீறிக்கொண்டு ஒருத்தி அவர்கள் காதுக்குள் பாடினாள், அவள் நான். படியிலிருந்து சார் "ஆங்! பாஸ்! பாஸ்!" என்று கத்தினார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. துடைக்கக் கையை எடுக்க இடமில்லை.

எதிரே மரச்சீனிச் சாக்கைக் கட்டிப்பிடித்திருந்த ஒரு அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பாட்டு கொள்ளாம். நடுவுல ஒரு சேவக்கோழி கூவுதே, அதுவும் உங்க ஆளா?" என்றாள்.

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரும்பப் போட்டுக் கேட்டோம். 'ராஜா' என்று நான் நீட்டும் இடத்தில், அந்த நீட்டலுக்கு அடியில், சந்தேகமே இல்லாமல் ஒரு சேவல் கூவியது. அரிசிக்கடைக்குப் பின்வீட்டுச் சேவல். முதலிலிருந்தே டேப்பில் இருந்திருக்கிறது. அவ்வளவு மெல்லியதாக இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. பெட்டி என்னைத் தூக்கியபோது அதையும் சேர்த்துத் தூக்கிவிட்டது. அதை வெட்டினால் என் குரலையும் சேர்த்து வெட்டவேண்டும் என்றார் ரெக்கார்டிஸ்ட். மறுபடி பாடச் சொன்னார்கள். "பதினஞ்சாவது தடவை பாடமாட்டேன். வேணும்னா சேவல வெட்டுங்கோ" என்று சொல்லிவிட்டுப் பூத்துக்கு வந்துவிட்டேன். எனக்கு வெறி வந்தால் அப்படித்தான்.

எங்கள் சபைப் போதகர்தான் கடைசியாக மறித்துப் பார்த்தார். "கிறிஸ்மஸ் பாட்டுல சேவல் கூவினா ஜனங்களுக்குச் சேவல் கூவுமுன்ன பேதுரு இயேசுவ மறுதலிச்ச ஓர்மையாக்கும் வரும். இது என்ன பெரிய வெள்ளியா?" என்றார். அதற்குச் சார், "மாட்டுக் கொட்டில்ல கோழி இருக்காதா ஐயரே? இல்லன்னு வேதத்துல எங்கயாவது எழுதியிருக்கா?" என்று கேட்டார். போதகர் இரண்டு நாள் தேடிப் பார்த்துவிட்டு விட்டுக்கொடுத்தார். கேசட் சேவலோடு வெளியே வந்தது.

அதன்பிறகு மூன்று வாரம் நான் தரையில் நடக்கவில்லை. டிரெக்கர் டிரைவர்கள் எட்டாவது பாட்டையே திருப்பித் திருப்பிப் போட்டார்கள். சாயாக்கடையில் நான், ரேஷன் கடையில் நான், ஆட்டோ ஸ்டாண்டில் இரண்டு ஆட்டோவில் முன்னும் பின்னுமாக நான். ஃபோன் பேச வந்தவர்கள் கண்ணாடி வழியே என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்களா அது?" என்றார்கள். மீன் விற்க வரும் அம்மா ஒருத்தி கூடையை இறக்கிவைத்துவிட்டு, "உனக்க தொண்ட என்ன தொண்ட பிள்ளே! ஒரு நாள் எனக்க கூட வா. நீ மீன் கூவினா பத்து மணிக்குள்ள கூட காலியாவும்" என்றாள். அம்மா மட்டும் டேப்பின் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு தடவை கேட்டுவிட்டு, "இவ்வளவு சத்தம் நீ எங்க ஒளிச்சு வச்சிருந்தே?" என்று மெதுவாகக் கேட்டாள்.

ரெக்கார்டிஸ்டுக்குச் சந்தோஷம் இல்லை. கடைசியில் நாற்பது பேர் எழும்பும்போது யாருக்கும் சிலிர்க்கவில்லையே, கவனித்தீர்களா என்று கேட்டார். நான் கவனிக்கவில்லை. நான் என்னை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது வரும் பாட்டுகள் பலவற்றில் மூச்சும் முரசும் ஒரே உயரத்தில் நிற்பதைக் கேட்கும்போது, அவர் சொன்னது சரிதான் என்று படுகிறது. அப்போது யாராவது வந்து அந்தச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தால் கடித்திருப்பேன்.

டிசம்பர் பாதியில் நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு பெரிய சபையிலிருந்து மூன்று பேர் பூத்துக்கு வந்தார்கள். அவர்களுடைய கிறிஸ்துமஸ் பாட்டு ஆராதனையில் நான் அந்தத் தாலாட்டைப் பாடவேண்டும். ஐந்நூறு பேர் வரும் ஆலயம், இருபத்திரண்டு பெஞ்சு. "மைக்கு வச்சிருக்கு. ஆனா உங்களுக்கு அது தேவைப்படாது இல்லியா?" என்று ஒருவர் சிரித்தார். நான் ஏதோ சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். போனால், இரண்டு பெஞ்சுக்கு மட்டும் எட்டும் என் சொந்தத் தொண்டை ஐந்நூறு பேர் முன்னால் வெளியாகிவிடும். அந்த மூன்று வாரப் பெருமையும் ஒரு பெட்டியின் பெருமைதான் என்று ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். இரண்டு நாள் சோறு செல்லவில்லை. சார் வழக்கம்போல வழி கண்டுபிடித்தார். பெட்டியையே அங்கே கொண்டுபோய் மைக்கோடு சேர்த்துவிடலாம். "ஆலயத்துல வச்சா அது கூவும் சாரே. சத்தம் இல்லாத நேரம் அது சும்மா இருக்காது, கிடைச்சதையெல்லாம் பிடிச்சுத் தூக்கும்" என்றார் ரெக்கார்டிஸ்ட். அது சேவலைத் தூக்கியதையே தாங்கிவிட்டோம், இனி என்ன என்றார் சார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணி. ஆலயம் நிறைந்து, இடம் கிடைக்காதவர்கள் வெளியே மாமரத்தடியில் நின்றார்கள். வருடா வருடம் பாட்டுக் கேட்கவும் கேக் தின்னவும் வரும் பக்கத்து இந்து வீட்டுக்காரர்கள் பாதிப்பேர். அவர்களுக்காக மரத்தில் இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தது. அம்மா ஏழாவது பெஞ்சில் இடம் பிடித்திருந்தாள். எங்கள் குழு ஒரு ஆரவாரப் பாட்டைப் பாடி முடித்தது. தாலாட்டுக்கு முன்னால் எல்லாரும் தலைகுனிந்து ஒரு நிமிடம் அமைதியாக இருக்கும்படி அந்தச் சபைப் போதகர் கேட்டுக்கொண்டார்.

அமைதி. பெட்டிக்குத் தூக்குவதற்குச் சத்தம் இல்லை. தேட ஆரம்பித்தது.

முதலில் ஃபேன்களின் ரீங்காரம் ஸ்பீக்கரில் ஏறியது. பிறகு யாரோ வளையலைச் சரிசெய்வது. பிறகு என் வயிறு. பிறகு, என் மைக்குக்குப் பக்கத்தில் நின்று புல்லாங்குழல்காரரின் பயம் போக்க அவர் காதில் சார் ரகசியமாகச் சொன்னது, வெளியே மாமரத்திலிருந்து ரோடுவரை முழங்கியது: "நீ பேடிக்காண்டாம். அவளுக்குச் சத்தம் ஒண்ணும் கெடையாது. பெட்டியாக்கும் பாடுது."

அதன்மேல் ஸ்பீக்கர் காது கிழிய ஊளையிட்டது. அந்தச் சபையின் கோயில்பிள்ளை, மணி அடிக்கிறவர், ஓடிப்போய் மொத்த ஒயரையும் பிடுங்கினார். பெட்டியின் விளக்கு அணைந்தது. மாமரத்தடியில் முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு ஆலயம் முழுக்கச் சிரித்தது.

பக்கவாசல் ஆறு அடி தூரத்தில் இருந்தது. நான் திரும்பிச் சாரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியிருந்தாள். அழுகிறாளோ என்று பார்த்தேன். அவளும் சிரிக்கிறாள்! அதைக் கண்டதும் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. குழலுக்குக் காத்திராமல் பாட ஆரம்பித்தேன்.

ஒரு வரி முடிந்தது. பின்னாலிருந்து ஒருவர், நல்ல மனதோடுதான், "கேக்கல்ல!" என்றார்.

"கேக்கல்லியா? அங்கயே இருங்கோ, வாறேன்" என்றேன்.

முன்பெஞ்சு அதைக் கேட்டுப் பின்பெஞ்சுக்குச் சொன்னது. நான் மேடையிலிருந்து இறங்கி நடுவழியில் நடக்க ஆரம்பித்தேன். என் குரல் இரண்டு பெஞ்சுக்குத்தானே போகும்? சரி, இரண்டு இரண்டு பெஞ்சாகப் போவோம். ஒரு வரி பாடினேன், இரண்டு அடி வைத்தேன். முகங்கள் இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது பாடுவது எவ்வளவு சுலபம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. யாருக்கும் அனுப்பவேண்டியதில்லை, கையில் கொடுப்பதுபோலக் கொடுத்தால் போதும். நான் கடந்த பெஞ்சுகள் சும்மா இருக்கவில்லை. மூன்று வாரம் டிரெக்கரில் அடிபட்டு எல்லாருக்கும் பாட்டு மனப்பாடம். நான் விட்ட வரியை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஏழாவது பெஞ்சில் அம்மா என் கையைத் தொட்டுவிட்டுப் பாடினாள். அவள் குரல் எனக்குக் கேட்டது, என் குரல் அவளுக்குக் கேட்டது.

'ராஜா' என்று நான் நீட்டியபோது பத்தாவது பெஞ்சில் ஒரு பெரியவர் எழுந்து நின்று, சத்தியமாகச் சொல்கிறேன், சேவல் போலக் கூவினார். அவரைப் பொறுத்தவரை அது பாட்டில் உள்ளது. விட்டால் பாட்டு முழுமையாகாது. அடுத்த 'ராஜா'வுக்கு ஐம்பது சேவல் கூவின. போதகரின் அங்கி குலுங்கியது. நானும் சிரித்துவிட்டேன், ஆனால் சுருதியை விடவில்லை. ஓரமாக, உயிரில்லாத பெட்டியின் பக்கத்தில், ரெக்கார்டிஸ்ட் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கைகளையும் மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

இருபதாவது பெஞ்சு, இருபத்தொன்று, இருபத்திரண்டு. கடைசி பெஞ்சைத் தாண்டி வாசலுக்கு வந்துவிட்டேன். இப்போது எனக்குப் பின்னால் ஐந்நூறு பேர். சின்னதாகத் தொடங்கியது இவ்வளவு பெரியதாக வந்து என் முதுகில் மோதியபோது கையெல்லாம் மயிர் கூச்செறிந்தது. மாமரத்தடியில் நின்றவர்களைப் பார்த்துக் கடைசி அடியைப் பாடினேன். நெஞ்சு முழுக்க, பயமே இல்லாமல், அடிவயிற்றிலிருந்து எடுத்துப் பாடினேன். எனக்கு அப்படி ஒரு சத்தம் உண்டு என்று எனக்கே தெரியாது.

கூட்டத்திலிருந்து ஒரு பெண் வேகமாக என்னிடம் வந்தாள். யாரென்று தெரியாது. தோளில் கைக்குழந்தையைச் சாய்த்திருந்தாள். என் முழங்கையைப் பிடித்து, காதருகே வந்து, கெஞ்சுவதுபோலச் சொன்னாள்:

"சேச்சி, ஒரு உபகாரம். கொஞ்சம் பையப் பாடுமோ? பிள்ள இப்பமாக்கும் ஒறங்கினது."

என் வாழ்க்கையில் ஒருவர் என்னிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் அவளை அப்படியே கட்டிப் பிடித்துக்கொண்டேன். பிள்ளை விழித்துவிட்டது.